ஒரு கேள்வியின் எடை

2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு செய்தியாளர் சந்திப்பின் காணொளி நம் ஊர்ப் புலனக் குழுக்களிலும் சுற்றியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அதர்ஸ்' என்ற படத்துக்கான சந்திப்பு அது. '96' படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்தாரே, அந்தக் கௌரி கிஷன்தான் நாயகி. படத்தில் நாயகன் அவரைத் தூக்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய எடை எவ்வளவு என்று நாயகனிடம் கேட்டிருந்தார் ஒரு யூடியூபர். கௌரி அதைக் கண்டித்தார். கேட்டவரோ, நான் கேட்டதில் என்ன தப்பு என்று அடுத்த சந்திப்பில் குரலை உயர்த்தினார். கௌரியும் விடவில்லை. என் எடைக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம், இதையே ஒரு நாயகனைப் பற்றிக் கேட்பீர்களா என்று அத்தனை பேர் முன்னிலையில் திருப்பிக் கேட்டார். அருகில் இருந்த நாயகன் அப்போது வாய் திறக்கவில்லை. பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நடிகைகள், பாடகிகள், சக நடிகர்கள் என்று பலர் கௌரிக்கு ஆதரவாகப் பேசினார்கள். சில நாள் பரபரப்பு. பிறகு வழக்கம்போல அடுத்த காணொளிக்கு எல்லாரும் நகர்ந்துவிட்டோம். கேட்டவர் முரடர், பதில் சொன்னவர் துணிச்சல்காரர், அத்தோடு கதை முடிந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கௌரியிடம் கேட்கப்படவில்லை. அவரைப் பற்றி நாயகனிடம் கேட்கப்பட்டது. தூக்கியவர் மனிதர், தூக்கப்பட்டவர் சுமை. அந்தக் காட்சியில் நடித்தது இருவரும்தான். ஆனால் கேள்வி வந்த விதத்திலேயே ஒருவர் நடிகராகவும் இன்னொருவர் மூட்டையாகவும் மாறிவிட்டார்கள்.

ஊடகக் கல்வியில் 'பிம்பக் கட்டமைப்பு' என்று ஒரு பெரிய சொல் உண்டு. வகுப்பில் கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஒலிபரப்பு அறைக்குள் வந்து பார்த்தால் அது மிகச் சாதாரணமான வேலை. யாரிடம் எதைக் கேட்கிறோம், யாரிடம் எதைக் கேட்காமல் விடுகிறோம். பெரும்பாலும் அவ்வளவுதான்.

இரண்டு கேள்வித்தாள்

ஒரு நட்சத்திரம் படத்தின் விளம்பரத்துக்காகக் கோலாலம்பூரில் வந்து இறங்கினால் ஒரே நாளில் நான்கைந்து ஊடகங்களைச் சந்திப்பார். ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். வானொலி என்றால் பாட்டு, விளம்பரம், சாலை நிலவரம் எல்லாம் போக மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம். அதற்குள் ஐந்து கேள்வி கேட்டால் பெரிய விஷயம்.

அந்த ஐந்து கேள்விகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாயகனிடம்: இந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? சண்டைக் காட்சிக்கு எப்படித் தயாரானீர்கள்? இயக்குநரோடு வேலை செய்த அனுபவம் எப்படி? வெற்றி தோல்வியை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? அடுத்த இலக்கு என்ன?

நாயகியிடம்: நாயகனோடு நடித்த அனுபவம் எப்படி? படப்பிடிப்பில் அவர் ஜாலியானவரா, அமைதியானவரா? மலேசியச் சாப்பாட்டில் எது பிடித்தது? சருமம் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே, என்ன ரகசியம்? கல்யாணம் எப்போது?

முதல் தாளைப் படித்தால் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார், உழைக்கிறார், விழுகிறார், எழுகிறார். இரண்டாவது தாளைப் படித்தால் ஒருவர் அழகாக இருக்கிறார், இன்னொருவர் பக்கத்தில் நிற்கிறார், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார். இருவரும் நடித்தது ஒரே படம்.

இதை எழுதுகிறவர்கள் பெண்களை மட்டம் தட்ட வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பதில்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. நடிப்பைப் பற்றி நல்ல கேள்வி கேட்க வேண்டுமென்றால் அவருடைய பழைய படங்களைப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் காட்சியில் அவர் என்ன செய்தார் என்று கவனித்திருக்க வேண்டும். எடையைக் கேட்க, கல்யாணத்தைக் கேட்க, எதையும் பார்த்திருக்க வேண்டாம். உழைப்பில்லாத கேள்வி அது. ஆனால் முப்பது விநாடியாக வெட்டி டிக்டாக்கில் போட்டால் ஓடுவது அதுதான். நடிப்பைப் பற்றிய நிதானமான பதில் அரைமணி நேரப் பேட்டியின் நடுவில் தங்கிவிடும். 'கல்யாணம் எப்போது' என்ற கேள்விக்கு வரும் ஒரு சிரிப்பு மட்டும் தனியாகப் பறந்து வந்து உங்கள் கைப்பேசியில் உட்காரும்.

அதே ஆண்டு, இரண்டு உடம்பு

ஓர் எடுத்துக்காட்டு. 2015 ஜனவரியில் ஷங்கரின் 'ஐ' வந்தது. அதற்காக விக்ரம் உடம்பை ஏற்றினார், பிறகு உருக்குலைந்து போன மனிதராக நடிக்க எடையை வெகுவாகக் குறைத்தார். அதே ஆண்டு நவம்பரில் 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. அதற்காக அனுஷ்கா எடையைக் கூட்டினார். உடம்பு பெருத்த ஒரு பெண்ணின் கதை அது. ஒட்டு உடுப்பு கட்டி ஏமாற்றாமல் சொந்த உடம்பையே அவர் மாற்றிக்கொண்டார்.

இருவரும் செய்தது ஒன்றே. கதாபாத்திரத்துக்காக உடலை வருத்திக்கொண்டார்கள். விக்ரம் செய்ததை நாம் எப்படிப் பேசினோம்? அர்ப்பணிப்பு, தவம், வெறி. அனுஷ்கா செய்ததை? எப்போது இளைப்பார், பழைய உடம்பு திரும்புமா, இதனால் வாய்ப்புப் போகுமா? 2017இல் 'பாகுபலி 2' வந்தபோதும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

சொற்களைக் கவனியுங்கள். ஆணின் உடம்பு என்றால் அங்கே 'உழைப்பு' என்ற சொல் வரும். பெண்ணின் உடம்பு என்றால் 'ரகசியம்' என்ற சொல் வரும். உழைப்பு என்றால் அவரே செய்தது. ரகசியம் என்றால் எங்கிருந்தோ வாய்த்தது. ஒரே உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரே நேரம் வியர்வை சிந்தினாலும் கடைசியில் ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குச் சந்தேகம்.

இது கோடம்பாக்கத்து வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012இல் 'அவெஞ்சர்ஸ்' படத்துக்கான செய்தியாளர் சந்திப்பில், ராபர்ட் டௌனி ஜூனியரிடம் அவருடைய கதாபாத்திரம் மனத்தளவில் எப்படி வளர்ந்தது என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஸ்கார்லெட் ஜோஹான்சனிடம் உடம்பைக் குறைக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஆழமான கேள்வி வருகிறது என்று அவர் டௌனியிடமே அங்கேயே கேட்டுவிட்டார்.

விளையாட்டிலும் இதே கதைதான். 2016இல் சானியா மிர்சா தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டபோது மகளிர் இரட்டையர் டென்னிசில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். எப்போது வாழ்க்கையில் நிலைகொள்ளப் போகிறீர்கள், தாய்மை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தொலைக்காட்சியில் மூத்த செய்தியாளர் ராஜ்தீப் சர்தேசாய் கேட்டார். உலகில் முதலிடத்தில் இருப்பது நிலைகொண்டதாகத் தெரியவில்லையா என்ற பொருளில் சானியா மடக்கினார். அவரும் தொலைக்காட்சியிலேயே மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆண் விளையாட்டாளரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு மகளிர் கிரிக்கெட் உலகக் கிண்ணம் தொடங்கும் நேரத்தில் இந்திய அணித்தலைவி மித்தாலி ராஜிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார்கள். ஆண் வீரர்களிடம் பிடித்த பெண் வீராங்கனை யாரென்று கேட்பீர்களா என்றார் அவர்.

கௌரி, ஸ்கார்லெட், சானியா, மித்தாலி. நான்கு பேர், மூன்று துறை. நால்வரும் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கேள்வியை இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

யாருடைய கனவு?

சரி, இப்படிக் கேட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், மறந்தாயிற்று. உண்மையான நட்டம் அங்கே இல்லை. நட்டம் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

டி.ஆர். ராஜகுமாரி என்ற பெயரை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். 'கனவுக்கன்னி' என்று சட்டென்று பதில் வரும். 1944இல் தீபாவளிக்கு வந்து, சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நட்சத்திரம் அவர். தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி என்று இன்றும் எழுதுகிறார்கள்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது என்று கேளுங்கள். 1954இல் வந்த 'கூண்டுக்கிளி' என்று வினாடி வினா ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தை எடுத்த ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தில் இருக்கும் இரண்டு 'ஆர்' யார் யார்? ஒன்று ராஜகுமாரி. இன்னொன்று அவருடைய தம்பி, இயக்குநர் டி.ஆர். ராமண்ணா. அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி'யும் அவர்கள் எடுத்ததுதான். சென்னை தியாகராய நகரில் ராஜகுமாரி தம் பெயரிலேயே ஒரு திரையரங்கமும் கட்டினார்.

தமிழ்த் திரையின் இரண்டு பெரும் நட்சத்திரங்களையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த பெண்மணி. அதை எப்படிச் செய்தார், பணம் எங்கிருந்து வந்தது, யார் மறுத்தார்கள், எங்கே அடிபட்டார்? கேட்டிருந்தால் இன்று தொழில் தொடங்கும் எத்தனையோ பெண்களுக்கு அது பாடம். நம் நினைவில் தங்கியதோ கனவுக்கன்னி என்ற ஒற்றைச் சொல். அதுவும் அவர் கண்ட கனவைப் பற்றிய சொல் இல்லை, பார்த்தவர்கள் கண்டது.

பட்டங்களும் அப்படித்தான். நடிகருக்குத் தளபதி, உலகநாயகன், தல என்று படை நடத்துகிற சொற்கள். நயன்தாராவுக்கு? ஏற்கெனவே ஆணுக்கு இருக்கும் பட்டத்தின் முன்னால் 'லேடி' என்று ஓர் ஒட்டு. பாராட்டும்போதே இவர் அந்த வரிசையில் இல்லை, பக்கத்து வரிசையில் என்று சொல்லிவிடுகிறது அந்த ஒட்டு. 2025 மார்ச்சில் அவரே அந்தப் பட்டம் வேண்டாம், நயன்தாரா என்றே அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு முன்பே அஜித்தும் கமலும் தங்கள் பட்டங்களைத் துறந்திருந்தார்கள். பழைய காலம் இந்த விஷயத்தில் பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது. சிவாஜி நடிகர் திலகம் என்றால் சாவித்திரி நடிகையர் திலகம். இருவருக்கும் திலகம் நடிப்புக்காக.

அவர்களே அதைத்தானே விற்கிறார்கள்?

இதை நண்பர்களிடம் பேசினால் வழக்கமாக வரும் மறுப்பு இரண்டு. முதலாவது: ரசிகர்கள் கேட்பதைத்தான் ஊடகம் கேட்கிறது. இதில் பாதி உண்மை. ஆனால் கடையில் ஒரே வகைப் பிஸ்கட் மட்டும் அடுக்கி வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு இதுதான் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பாடகியிடம் அந்த உச்ச ஸ்தாயியை எத்தனை தடவை பாடிப் பார்த்தீர்கள், மூச்சை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலர்ந்து பாடியே காட்டுவார். கேட்பவர்கள் வானொலியின் ஒலியைக் கூட்டுவார்கள்.

இரண்டாவது மறுப்பு: நடிகைகளே அழகுப் பொருள் விளம்பரத்தில் வருகிறார்கள், அழகைப் பற்றிக் கேட்டால் மட்டும் கோபமா? நியாயமான கேள்வி. நயன்தாரா 2023இல் 9ஸ்கின் என்ற சருமப் பராமரிப்பு நிறுவனத்தையே தொடங்கினார். அப்படியானால் அதையே கேட்போம். முதலீடு எப்படித் திரட்டினீர்கள்? இவ்வளவு போட்டி உள்ள சந்தையில் விலையை எப்படி முடிவு செய்தீர்கள்? ஓர் ஆண் நட்சத்திரம் உணவகமோ விளையாட்டு அணியோ தொடங்கினால் அவரைத் தொழிலதிபர் என்கிறோம். பெண் நட்சத்திரம் நிறுவனம் தொடங்கினால் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்கிறோம்.

ஆண்களுக்கும் இதில் இழப்பு உண்டு. படப்பிடிப்புக்கு வரும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி எத்தனை நாயகர்களிடம் கேட்கப்பட்டிருக்கிறது? அவர்களும் அப்பாக்கள்தான். சிலர் நல்ல அப்பாக்களாகவும் இருப்பார்கள். ஆனால் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடமே கொடுப்பதில்லை. அந்தப் பேட்டிகளைக் கேட்டு வளரும் பையனுக்கு, அது தன் பாடத்திட்டத்திலேயே இல்லாத பாடம் என்று தோன்றிவிடுகிறது.

நம் வீட்டுக்கு வரும் விருந்தாளி

இந்தப் பழக்கம் பேட்டி அறையோடு நிற்பதில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். வருகிற மாமா, அத்தை எல்லாரும் அண்ணனிடம், "என்ன படிக்கிற? எப்ப முடியும்? எங்க வேலைக்குப் போகலாம்னு இருக்க?" என்பார்கள். தங்கையிடம், "ஏம்மா உடம்பு போட்டுட்ட?" அல்லது, "என்ன இப்படி எளைச்சுப் போய்ட்ட, ஹாஸ்டல்ல சாப்பாடே போடுறதில்லையா?" என்பார்கள். அன்போடுதான் கேட்பார்கள். அவள் படிப்பது பொறியியலா, சட்டமா என்று கேட்காமலேயே முறுக்கும் அதிரசமும் முடிந்திருக்கும்.

அந்த மாமாவுக்கும் அத்தைக்கும் இந்தக் கேள்வியை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடிப் போனால், தொலைக்காட்சி நம் வீட்டிலிருந்து கற்றதா, வீடு தொலைக்காட்சியிலிருந்து கற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அந்தப் பெண்ணுக்கு விளங்குவது ஒன்றுதான்: நான் என்ன செய்கிறேன் என்பதைவிட நான் எப்படித் தெரிகிறேன் என்பதுதான் எல்லாருக்கும் முக்கியம். ஒரு தடவை கேட்டால் அது விசாரிப்பு. பத்து வயதிலிருந்து இருபது வயது வரை கேட்டுக்கொண்டே இருந்தால் அவளே கண்ணாடி முன் நின்று முதலில் அதைத்தான் தன்னிடம் கேட்பாள்.

நம் நாட்டில் கேட்கத் தக்க பெண்களுக்கா பஞ்சம்? நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலையில் இருந்தார். ஒன்பது ஆண்டு. அத்தனை நாள் உச்சியில் இருப்பவருக்குத் தோற்கும் பயம் எப்படி இருக்கும்? நம் தினா முரளிதரன், பெர்லி டானோடு சேர்ந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். மறு ஆண்டு அதே பாரிசில் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய் வெள்ளி வென்றார்கள். தோற்ற ஊருக்கே திரும்பிப் போய் ஆடுவது எப்படி இருந்தது? இணைக்குள் மனத்தாங்கல் வந்தால் அடுத்த நாள் ஒரே அரங்கில் எப்படி நிற்பது? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில், பூப்பந்து மட்டையைத் தொடாத ஒரு கணக்காய்வாளருக்கும் உதவும்.

ஆகவே ஒரு சின்னப் பழக்கம். அடுத்து ஒரு பேட்டியைக் கேட்கும்போது, என் பேட்டியாகவே இருந்தாலும் சரி, கேள்வி ஒவ்வொன்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெண்ணிடம் கேட்டதை ஆணிடம் கேட்டால் சிரிப்பு வருகிறதா? வந்தால் அது யாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஆணிடம் கேட்டது பெண்ணிடம் கேட்கப்படாமலே போய்விட்டதா? அப்படியானால் நிலையத்துக்குப் புலனத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். நேயர் செய்திகளை நாங்கள் படிக்கிறோம். 'அவர் நடிப்பைப் பற்றிக் கேளுங்கள்' என்று பத்துப் பேர் அனுப்பினால் ஆறாவது கேள்வி மாறும். ஐம்பது பேர் அனுப்பினால் முதல் கேள்வியே மாறும். எடையைக் கேட்கும் காணொளி வந்தால் திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள். திட்டிப் பகிர்ந்தாலும் பார்வை எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

வீட்டில் இதைவிட எளிது. அடுத்த உபசரிப்பில் அந்தத் தங்கை தட்டோடு எதிரே வந்தால், "என்னம்மா படிக்கிற?" என்று தொடங்குங்கள். அவள் சொல்லும் பதிலில் இருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். உடம்பைப் பற்றி அவளே பேசினால் பேசட்டும்.